அணு உலை சிமுலேட்டர்: பட்டன் நல்லம், புள்ளி போடுற விதம்தான் பிழை

மகன் லப்டொப்பில் வாங்கிப் போட்ட விளையாட்டு இது. நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் ஜெனரேட்டரும் தண்ணீர் பம்பும் பார்க்கிறவன், விளையாட்டு என்றால் எனக்குக் கரம் மட்டும்தான், ஆனாலும் மூன்று கிழமையாக இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு இதற்கு முன்னால் போய்க் குந்திவிடுகிறேன்.

உலை முழு வேகத்தில் ஓடும்போது, நீராவி ஜெனரேட்டருக்கு (உலைச் சூட்டில் தண்ணீரை நீராவியாக்கும் பாத்திரம்) தண்ணீர் தள்ளும் பெரிய பம்ப் ஒன்று நின்றுவிடும். மட்டம் காட்டும் ஊசி மெல்ல இறங்கும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் உலை தானாகவே ட்ரிப் ஆகும், அதாவது நின்றுவிடும், ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா, நாமே நிறுத்துவதா என்று வயிற்றைக் கலக்கும். சிவப்பு பட்டனை அமர்த்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை மேலே பிடித்திருக்கும் மின்காந்தங்களுக்குக் கரண்ட் நின்றுவிடும், கோல்கள் தங்கள் பாரத்திலேயே விழும், இரண்டு மூன்று செக்கனில் அலுவல் சரி. மோட்டார் எதுவும் தள்ளத் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முதல் நாள் அதோடு முடிந்தது என்று நினைத்துத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தால் திரை முழுக்கச் சிவப்பு. நிறுத்திய உலையிலும் சூடு வந்துகொண்டேதான் இருக்கும், தொடக்கத்தில் முழு வெப்பத்தில் 6, 7 வீதம். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலைக்குள் வெப்பம் 3000 மெகாவாட் அளவில் இருக்கும், அப்படியென்றால் கிட்டத்தட்ட 200 மெகாவாட்! நொரொச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று அலகும் சேர்ந்தே 900தான். ஒரு மணித்தியாலத்தில் அது 1.5 வீதத்துக்குக் கிட்ட இறங்கும், அப்போதும் சூட்டை எடுக்கத் தண்ணீர் அனுப்பும் துணைப் பம்பை மறந்துவிட முடியாது.

1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் நடந்த விபத்தையும் ஒரு கட்டமாக வைத்திருக்கிறார்கள். அழுத்தத்தைக் குறைக்கத் திறக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே இறுகிவிட்டது, விளக்கோ மூடச்சொல்லிக் கட்டளை போனதை மட்டும் காட்டியது, ஒப்பரேட்டர்மார் வால்வு மூடிவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள். எங்கள் டீசல் டாங்கியின் மீட்டரும் ஒருமுறை முக்கால்வாசி என்று காட்டிக்கொண்டே நின்றது, மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தால் அடியில் நாலு விரல்.

இனிக் குறை. கையால் நிறுத்தினால் 'உற்பத்தி நட்டம்' என்று புள்ளியை வெட்டுகிறார்கள், தானாக ட்ரிப் ஆகும்வரை காத்திருந்தால் வெட்டுவதில்லை. இது என்ன கணக்கு? உண்மையான நிலையங்களில், ட்ரிப் வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே கையால் நிறுத்தச் சொல்லித்தான் ஒப்பரேட்டர்மாருக்குப் படிப்பிக்கிறார்கள். இங்கே ஊசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த என் மகன் 400 புள்ளி கூட எடுத்துவிட்டு என்னைப் பகிடி பண்ணுகிறான்.

பழைய லப்டொப்பில் நன்றாக இழுபடும், தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஐந்துக்கு மூன்றரை, அந்த அரையும் 'டக்' சத்தத்துக்காக.