நிலாவை அணைக்காத லைட்: பௌர்ணமி சவாரிக்கான சைக்கிள் விளக்குகள்

பௌர்ணமி ராத்திரியில் நண்பர்களோடு சைக்கிளில் போவதற்கு லைட் வாங்குகிறவர்கள் அட்டையில் போட்டிருக்கும் லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளி) எண்ணைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். இந்த வேலைக்கு 1000 லூமன் டார்ச் வகை லைட் உதவாது. உச்சியில் நிற்கும் முழுநிலா தரைக்குத் தருவது ஏறக்குறைய கால் லக்ஸ் (தரையில் விழும் ஒளியின் அளவு) வெளிச்சம்தான். அதில் பாதையோரமும் முன்னால் போகிறவரின் முதுகும் தெரிய வேண்டுமானால் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அதற்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். எதிரே திரும்பி வருகிறவரின் லைட் ஒருமுறை முகத்தில் அடித்தால் பழகியதெல்லாம் போச்சு.

அதனால் முதலிடம் கட்-ஆஃப் வகை முன்விளக்குக்கு. கார் ஹெட்லைட்டின் லோ பீம் மாதிரி, இதன் வெளிச்சம் மேலே ஒரு கோட்டோடு நின்றுவிடும். வட்டக் கற்றை லைட்டைப்போல மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போகாது. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்தி, லைட்டின் உயரத்தைவிட 10 செ.மீ. கீழே அந்தக் கோடு விழும்படி திருகை இறுக்குங்கள். லைட் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் சமதரையில் 50 மீட்டரோடு வெளிச்சம் முடிந்துவிடும். 20 கி.மீ. வேகத்தில் பள்ளத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்க 15 மீட்டருக்குள்தான் ஆகும் என்பதால் இது தாராளம். ரப்பர் பட்டையில் மாட்டும் மாடல்களில் நாலு மேடு ஏறி இறங்கியதும் லைட் தலை கவிழ்ந்துவிடும். திருகு கிளாம்ப் உள்ளதையே எடுங்கள்.

எத்தனை லூமன்? திறந்த பாதையில் 100 போதும். 3.6 வோல்ட், 2600 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஏழெட்டு மணி நேரம் ஓடும். அதே பேட்டரி 1000 லூமனை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. போதாததற்கு, கூட்டமாக மெதுவாகப் போகும்போது காற்றோட்டம் குறைவு. லைட் சூடேறித் தானே மங்கிவிடும். ஆனால் மரங்கள் அடர்ந்த பாதையில் 300 வேண்டும். நிலா வெளிச்சத்தில் மரநிழலும் பள்ளமும் ஒரே கறுப்பாகத் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் லைட்டின் வேலை. ஹெல்மெட் லைட் இதில் தோற்றுவிடுகிறது. கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே ஒளி போவதால் பள்ளத்தின் நிழல் நம் பார்வைக்கு மறைந்து, தரை தட்டையாகத் தெரியும். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க் தலையில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின் மேல்பகுதியில்) மாட்டினால் சின்னக் கல்லுக்கும் நீளமான நிழல் விழும்.

பட்டன் விஷயத்தில் பல கம்பெனிகள் கோட்டை விடுகின்றன. லோவிலிருந்து ஹைக்குப் போக நடுவில் ஃபிளாஷைத் தாண்ட வேண்டியிருந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

சக்கரத்தின் நடுவிலேயே மின்சாரம் தயாரிக்கும் ஹப் டைனமோ (6 வோல்ட், 3 வாட்) சார்ஜ் கவலையே தராது. ஆனால் நடை வேகத்தில் மினுக்கும். நின்றால், ஸ்டாண்ட்லைட் (சேமித்த மின்சாரத்தில் எரியும் வசதி) இருந்தாலும், சில நிமிடம்தான் எரியும். சக்கரத்தையே மாற்ற வேண்டும் என்பதால், மாதம் ஒருமுறை மட்டும் போகிறவர்களுக்கு இது வீண் செலவு.

பின்விளக்கு சிவப்பு, நிலையாக எரிவது, குறைந்த அளவில். இருட்டுக்குப் பழகிய கண்ணை ஆழ்சிவப்பு அதிகம் கெடுக்காது. ஃபிளாஷ் மட்டும் பின்னால் வருகிறவரைப் பைத்தியமாக்கும். வரிசையில் கடைசி ஆள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும். சீட் கம்பியின் சாய்வுக்கு ஏற்ப லைட்டைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவை கீழே சாய்ந்து தரையைப் பார்த்தே அடிக்கும்.

நாள் குறிக்கும்போது ஒன்று. பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்பின் ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. அரைநிலாவிலோ வெளிச்சம் பாதியாக அல்ல, பத்தில் ஒரு பங்காகிவிடும். அன்றைக்கு 100 லூமன் கணக்கு செல்லாது.