உப்புக் காற்றில் இரண்டரை வருடம்: என் ட்ராக் சைக்கிளின் எடை குறைந்த சில்லுகள்

மாமாவின் பலசரக்குக் கடையில் சீனி நிறுக்கும் தராசில்தான் பழைய சில்லு இரண்டையும் வைத்துப் பார்த்தேன். ரயரும் ரியூபும் இல்லாமல் சோடி 2,540 கிராம். என்னுடையது பந்தயத் தளத்துக்கென்று செய்த ஒற்றைக் கியர் ட்ராக் சைக்கிள், பாவித்ததாக யப்பானில் இருந்து வந்து இறங்கிய உருக்குச் சட்டம். சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அதில் யாரோ பூட்டி விட்டிருந்த 43 மில்லிமீற்றர் ஆழ அலுமினிய ரிம்கள்தான் கனம். ஒன்றே 620 கிராம் வரும்.

பார்வைக்கு அந்தச் சில்லு அழகு. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் பக்கக் காற்று முன் சில்லைப் பிடித்துத் தள்ளும். 396 மீற்றரையும் தோள் இறுகிப்போய்த்தான் கடப்பேன். ட்ராக் சைக்கிளில் பின் சில்லு சுற்றும் வரைக்கும் பெடலும் சுற்றும், காலை ஓயவிட்டுச் சமாளிக்க வழியில்லை. நின்ற இடத்தில் இருந்து எடுக்கும்போதும் முதல் நாலைந்து மிதி பாறையைத் தள்ளுவது போல இருக்கும். நான் மிதிப்பது முன் பற்சக்கரத்தில் 48 பல், பின்னதில் 16.

மாற்றுவதற்குக் கையில் இருந்தது 60,000 ரூபாய். 2022இல் எரிபொருள் வரிசையில் ஊரே நின்றபோது சைக்கிளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஏறிய விலை, நான் வாங்கப் போன 2023 பெப்ரவரியிலும் இறங்கியிருக்கவில்லை. கார்பனை நினைக்கவே முடியாது. ரயரைப் பசை போட்டு ரிம்மில் ஒட்டுகிற ரியூபுலர் வகையை மட்டும் கொஞ்ச நாள் யோசித்தேன். அந்த ரிம்கள் 400 கிராமுக்குக் கீழேயே கிடைக்கும், பழையவை மலிவும்கூட. 1948இல் கொக்குராவில் தொடங்கிய யப்பானின் கெய்ரின் என்ற ட்ராக் சைக்கிள் போட்டியில் இன்றும் அதே வகையில்தான் ஓடுகிறார்கள். ஆனால் நம்முடைய வெயிலில் பசை இளகும், நிலாவெளி வீதியில் முள்ளுக் குத்தினால் ரயரின் தையலைப் பிரித்து ஒட்டுப் போட்டுத் திரும்பத் தைக்க வேண்டும். சொந்தமாக வெலோட்ரோம் என்கிற சைக்கிள் பந்தயத் தளம் உள்ள ஊருக்குச் சரி, எனக்குச் சரிவராது என்று விட்டுவிட்டேன்.

காசு குறைவாக இருக்கிறவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது ரயரிலும் ரியூபிலும்தான் என்பதை நான் சில்லு கட்டி முடித்த பிறகுதான் கண்டேன். கம்பி விளிம்புள்ள பழைய ரயர் ஒன்று 335 கிராம், மடித்து வைக்கக்கூடிய 25 மில்லிமீற்றர் அகல ரயர் 230. சாதாரண ரியூப் 115, மெல்லிய ரியூப் 75. இரண்டு சில்லுக்கும் சேர்த்து 290 கிராம் போனது. ரிம் மாற்றிக் குறைத்தது 330 கிராம். செலவோ ரிம்முக்கும் கம்பிக்கும் கூலிக்கும் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

குறைகிற கிராம் எல்லாம் ஒரே பெறுமதி இல்லை. விளிம்பில் இருக்கும் எடை முன்னேயும் போக வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் வேகம் எடுக்கும்போது சட்டத்தில் உள்ள எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியைக் கேட்கும். நடுவில் இருக்கும் ஹப்பில் அந்தக் கணக்கு இல்லை. ஆகவே எடைக்காக விலை கூடிய ஹப் வாங்காதீர்கள். அதற்காக மிக மலிந்த பின் ஹப்பும் வேண்டாம். பழைய பின் ஹப்பில், காலால் எதிர்த்து மிதித்து வேகம் குறைக்கும்போது மரை கழன்று உரிந்து போனது எனக்கு. பற்சக்கரம் வலப்பக்கம் திருப்பினால் இறுகும், அதற்கு மேல் வரும் பூட்டு வளையம் இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். அந்த இரண்டு மரையும் சுத்தமாக வெட்டியிருக்கிறதா என்று கையால் பூட்டிப் பார்த்து வாங்குங்கள். பேரிங் மூடியிட்டதாக இருக்கட்டும்.

ரிம் 24 மில்லிமீற்றர் ஆழம், 32 துளை, ஒன்று 455 கிராம். ட்ராக் ரிம் சிலவற்றில் பிறேக் பிடிக்கும் பக்கம் தட்டையாகச் சீவியிருக்காது. நான் வீதியில் ஓடுவதால் முன் பிறேக் இல்லாமல் வெளிக்கிடுவதில்லை, ஆகவே சீவிய ரிம்தான் எடுத்தேன். கம்பிகள் இரு முனையிலும் 2.0, நடுவில் 1.8 மில்லிமீற்றர். கியர் சைக்கிள் போல இல்லாமல் ட்ராக் பின் சில்லில் இரண்டு பக்கக் கம்பியும் ஒரே இழுவையில் நிற்கும். அதனால் இந்த மெல்லிய கம்பி தாராளமாகத் தாங்குகிறது. மிதியின் முறுக்கு முழுவதும் அதில் விழுவதால் பின்னுக்கு ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும் பின்னல்தான், ஹப்பில் இருந்து குறுக்கிடாமல் நேரே ரிம்முக்குப் போகும் கம்பி வேண்டாம்.

கட்டித் தந்தவர் நகரத்தில் மீன் பெட்டி ஏற்றும் சைக்கிள்களுக்கு நாற்பது வருடமாகச் சில்லு கட்டுகிற ஐயா ஒருவர். மெல்லிய கம்பியை அவர் அதிகம் தொட்டதில்லை. முதல் நாளே, "தம்பி, இது இறுக்க இறுக்க முறுகுது. கொஞ்சம் கூடத் திருப்பிட்டு, அந்தளவு பின்னுக்கு விடோணும்," என்றார். ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டிச் சத்தம் கேட்டு இழுவையைச் சமப்படுத்தினார். அந்தக் கையின் நுட்பத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பின் சில்லு இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் நெளிவு எடுக்கக் கொடுக்கப்பட்டது.

கட்டியது 1,885 கிராம். முன் சில்லுக்கு மட்டும் இன்னும் 20 கிராம் குறைக்க ஆசைப்பட்டு கம்பியை ரிம்மில் இறுக்கிப் பிடிக்கும் நிப்பிளை அலுமினியத்தில் கேட்டு வாங்கிப் போட்டேன். ஐயா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. உப்புவெளியில் வீடு, காலையில் கடலோரமாகவே ஓட்டம். உப்பு ஈரம் பட்ட இடத்தில் துருப்பிடியா உருக்குக் கம்பியோடு ஒட்டி நிற்கும் அலுமினியம்தான் அரிபடும். 2024 மாரியில் வெள்ளைப் பொடி பூத்தது, சாவி வைத்தால் திரும்பவில்லை, தை மாதத்துக்குள் மூன்று நிப்பிள் தலை உடைந்தன. 32ஐயும் கழற்றிப் பித்தளை போட்டோம். பின்னுக்கு ஆரம்பத்திலேயே பித்தளை, மரையில் கிறீஸ் தடவிப் போட்டது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. கரையூர்களில் இருக்கும் யாரும் அந்த 20 கிராமைத் தேடிப் போகாதீர்கள்.

ஓட்டத்தில் என்ன மாற்றம்? நிலாவெளிப் பக்கம் சமதரை. 35 கிலோமீற்றர் வேகம் பிடித்த பிறகு பழைய சில்லுக்கும் புதியதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அங்கே காற்றுதான் எல்லாம். நின்று எடுக்கும் 200 மீற்றரிலும் கடிகாரம் தெளிவாக ஒன்றும் காட்டவில்லை. நானும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, அதில் இது சின்னப் பங்கு. ஆனால் அந்த முதல் நாலைந்து மிதியின் பாரம் குறைந்ததைக் கால் நன்றாகவே உணர்கிறது. பாலத்தில் தோள் இறுகுவதும் இல்லை. அதற்குக் காரணம் எடையைவிட ரிம்மின் ஆழம் குறைந்ததுதான்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து வைக்கிறேன். இப்போது முன் ரிம்மில் பிறேக் படும் இடம் தொட்டால் குழிவு தெரிகிறது. ஈர மணலோடு பிறேக் பிடித்ததன் தேய்வு. அதே ரிம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். பின்னலை அவிழ்க்காமல் பழைய ரிம்முக்குப் பக்கத்தில் புதியதை ஒட்டி வைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றித் தருவதாக ஐயா சொல்லியிருக்கிறார்.