பெரிய வளர்ப்புப் பாம்புக்கு எதைப் போடலாம்: எலியா, முயலா, கோழியா?

பெரிய பாம்பு வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே தீனிக்கு வந்துவிடும். உயிருள்ள இரையா உறைந்ததா, எலியா முயலா, வாரம் ஒருமுறையா மாதம் ஒருமுறையா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உறைய வைத்து உருக்கிய இரை, அளவில் சிறியது, நல்ல இடைவெளி விட்டு. ஏன் என்று கீழே.

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே போவாவோ (இரையை இறுக்கிக் கொல்லும் அமெரிக்கக் கண்டத்துப் பெரிய பாம்பு) மலைப்பாம்போ வளர்க்க உரிமம் கேட்பதில்லை. இந்தியாவில் நிலைமை வேறு. நம் ஊர் மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பது குற்றம். போவா வெளிநாட்டு இனம் என்றாலும் அதையும் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

கணக்குக்கு வசதியாக, வளர்ந்த பெண் போவா ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளம், 8 கிலோ எடை.

உயிருள்ள இரையா, உறைந்த இரையா?

உயிருள்ள எலியைப் போடுவதுதான் இயற்கை என்பார்கள். காட்டில் எலிக்கு ஓட இடம் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டில் இல்லை. பாம்புக்குப் பசி இல்லாத நாளில் ஓர் எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் பாம்பின் முதுகில் எலும்பு தெரியும் அளவுக்குக் கடித்துத் தின்றிருக்கும். இது மிகைப்படுத்தல் இல்லை. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எலியின் பக்கமும் நாம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் பாம்பை மட்டும் காப்பதில்லை, நம் கையில் இருக்கும் எலியையும் சேர்த்தே காக்கிறது.

உறைந்த இரையில் வேலை கொஞ்சம் கூடுதல். முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடிய பையோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். மறுநாள் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து அதில் பையை முக்கிவைத்தால் உடல் சூடேறும். அப்புறம் வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அது இன்னும் உருகாத பனிக்கட்டி. அதோடு போட்டால் பாம்பு கக்கிவிடக்கூடும். மைக்ரோவேவ் பக்கமே போகக் கூடாது. வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், சில சமயம் வயிறே வெடித்துவிடும்.

உறைந்தது என்பதால் சுத்தம் என்றும் நினைக்கக் கூடாது. ஒட்டுண்ணிகள் பலவற்றைக் குளிர் கொல்லும், சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவைக் கொல்லாது. தீனிக்காக விற்ற உறைந்த எலிகளிலிருந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மனிதர்களுக்கே தொற்று பரவியிருக்கிறது. எலிக்கென்று தனிப் பாத்திரம், தனி இடுக்கி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். இதில் சமரசம் வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

'செத்த எலியில் பாம்புக்கு வேட்டையின் திருப்தி கிடைக்காதே' என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆராய்ச்சி. 2012இல் அமெரிக்காவில் செத்த எலிகளுக்குள் செயற்கை இதயம் பொருத்திப் போவாக்களுக்குக் கொடுத்தார்கள். இதயம் துடித்துக்கொண்டிருந்த எலிகளைப் பாம்புகள் அதிக நேரம் இறுக்கின. துடிப்பு நின்றதும் பிடியைத் தளர்த்தின. இரை இறந்துவிட்டதா என்று பாம்பே கவனித்துத் தெரிந்துகொள்கிறது. இறந்த இரையென்றால் சீக்கிரம் இறுக்கி முடித்து விழுங்கப் போய்விடும், அவ்வளவுதான்.

எலி, முயல், கோழி

இங்கே பதில் பாம்பின் எடையில் இருக்கிறது. வளர்ந்த போவாவுக்கு ஒரு வேளை இரை அதன் எடையில் 5 சதவீதம் அளவில் இருந்தால் போதும். 8 கிலோ பாம்புக்கு 400 கிராம், அதாவது ஒரே ஒரு பெரிய எலி. அதே பாம்புக்கு ஒன்றரைக் கிலோ முயலைப் போட்டால் கிட்டத்தட்ட 19 சதவீதம் ஆகிவிடும். விழுங்கும், சந்தேகமே இல்லை. ஆனால் விழுங்க முடிகிறது என்பது அளவு சரி என்பதற்கு அத்தாட்சி இல்லை.

40 கிலோ பர்மிய மலைப்பாம்புக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். 2 கிலோ முயல் ஒன்று போட்டால் 5 சதவீதம் முடிந்தது. எலி என்றால் ஐந்தாறு வேண்டும். செலவும் அதிகம், கொழுத்த வளர்ந்த எலிகள் என்றால் கொழுப்பும் அதிகம். முயல் இறைச்சியில் கொழுப்பு குறைவு. பெரிய மலைப்பாம்புக்கு முயல்தான் என் தேர்வு. உருகுவதற்கு மட்டும் ஒன்றிரண்டு நாள் ஒதுக்க வேண்டும்.

கோழிக்குஞ்சும் காடையும் எப்போதாவது மாற்றத்துக்குப் போடலாம். அதையே வழக்கமாக்கினால் கழிவு தண்ணீராகப் போகும், நாற்றம் தாங்காது.

கடையில் வாங்கிய கோழிக்கறித் துண்டு மட்டும் கூடவே கூடாது. எலும்பும் ஈரலும் குடலும் சேர்ந்த முழு விலங்கைத்தான் பாம்பின் உடல் எதிர்பார்க்கிறது. வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே தின்று வளரும் குட்டியின் எலும்பு பலவீனமாகிவிடும்.

வாரம் ஒன்றா, மாதம் ஒன்றா?

எனக்கு மிகவும் மன வருத்தம் தருவது இந்தப் பிரிவுதான். சீக்கிரம் பெரிதாக்க வேண்டும் என்று வாராவாரம் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். பாம்பும் மறுக்காது. பதுங்கிக் காத்திருந்து வேட்டையாடும் விலங்கு அது. அடுத்த இரை எப்போது என்று தெரியாத வாழ்க்கைக்கு ஏற்ப உருவான உடல். பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: பெரிய இரை ஒன்றை விழுங்கிய இரண்டு மூன்று நாளில் அதன் இதயமே 40 சதவீதம் வரை பெருக்கிறது, குடல் தடிக்கிறது, செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. ஒரு சாப்பாடு என்பது அந்த உடலுக்கு அவ்வளவு பெரிய வேலை. நடுவில் ஓய்வு வேண்டாமா?

வளர்ந்த போவாவுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். குட்டிக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பாம்பு வளையும்போது பக்கவாட்டில் மடிப்பு விழுகிறதா, நேராகக் கிடக்கும்போதும் செதில்களுக்கு நடுவே தோல் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் கொழுப்பின் அடையாளம். முதுகெலும்பு கூர்மையாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் மெலிவு. மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதிவைத்தால் ஊகத்துக்கே வேலையில்லை.

தனிப் பெட்டியில் போட்டுத் தீனி கொடுப்பதைச் சிலர் வலியுறுத்துவார்கள். பெரிய பாம்புக்கு அது எனக்கு உடன்பாடு இல்லை. இரை மணம் பட்ட பாம்பைத் தூக்குவதும், வயிறு நிறைந்ததைத் திரும்பத் தூக்கிவைப்பதும் இரு பக்கமும் ஆபத்து. கூண்டிலேயே, நீண்ட இடுக்கியால் கொடுங்கள். பாம்பு இரண்டரை மீட்டரைத் தாண்டிவிட்டால் அறையில் இன்னொரு பெரியவர் இல்லாமல் கதவைத் திறக்கவே வேண்டாம். அப்புறம் இரண்டு நாள் தொடாமல் விட்டுவிடுங்கள். கூண்டின் சூடான பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கக்கிவிட்டால் பதறி உடனே இன்னொரு எலியைக் காட்டாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் வைத்து, வழக்கத்தில் பாதிக்கும் குறைவான இரையோடு தொடங்குங்கள். மறுபடியும் கக்கினால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.