தண்டர்பேர்ட்ஸ்: 12 ஆண்டுகள் பார்த்த பிறகு

ஆபத்தில் சிக்கியவர்களை அதிநவீன விமானங்களில் பறந்து மீட்கும் ஐந்து சகோதரர்களின் கதையான ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்ற 1960களின் பிரிட்டிஷ் பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரின் 32 அத்தியாயங்களும் அடங்கிய டிவிடி பெட்டியை வாங்கி 12 ஆண்டுகள் ஆகின்றன. இடையில் ப்ளூ-ரே பதிப்பும் சேர்ந்தது. முழுத் தொடரை மூன்று முறையும், சில அத்தியாயங்களைக் கணக்கில்லாமலும் பார்த்துவிட்டேன். முதல் முறை பார்த்தபோது எனக்கிருந்த கருத்துகளில் பாதி இப்போது இல்லை என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

முதல் முறை எனக்குப் பட்டது ஒன்றுதான்: கதை ஜவ்வாக இழுக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. ஜெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரத்துத் தொழிற்பேட்டையில் இதை 25 நிமிடத் தொடராகவே எடுக்கத் தொடங்கினார்கள். முதல் அத்தியாயத்தைப் பார்த்து வியந்துபோன லூ கிரேட், பணம் போடுபவர் என்ற முறையில், நீளத்தை இரு மடங்காக்கச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே எடுத்து முடித்திருந்த அத்தியாயங்களில் புதுக் காட்சிகளைச் செருகி 50 நிமிடத்துக்கு நீட்டினார்கள். அந்த ஒட்டுவேலை சில இடங்களில் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் இழுவை என்று நான் எண்ணி வேகமாக ஓட்டிக் கடந்த காட்சிகளே இப்போது நான் தேடிப் பார்ப்பவை. மீட்புக் கருவிகளைச் சுமந்து செல்லும் ‘தண்டர்பேர்ட் 2’ விமானம் புறப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விமானி விர்ஜில் சுவரிலுள்ள ராக்கெட் படத்தின் மீது சாய்கிறான். படம் அவனோடு சேர்ந்து கவிழ, தலைகீழாகச் சறுக்கி விமானி இருக்கைக்குப் போய்ச் சேர்கிறான். கீழே ஆறு சரக்குக் கூடுகள் வரிசையாக நகர்ந்து, தேவையான ஒன்று விமானத்தின் வயிற்றுக்கு நேராக வந்து நிற்கிறது. பாறைக் கதவு சாய, இருபுறமும் நிற்கும் பனைகள் வழிவிட்டுப் பின்னால் மடங்க, அந்தப் பெரிய பச்சை உடல் மெல்ல ஊர்ந்து வெளியே வருகிறது. பேரி கிரேயின் பித்தளைக் கருவிகள் முழங்கும் இசை இல்லையென்றால் இதில் பாதி வேலை நடந்திருக்காது.

இந்த நிதானத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 1963 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் லெங்கெடே இரும்புச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. உள்ளே சிக்கிய 11 பேர் இரண்டு வாரம் கழித்து, மேலிருந்து போடப்பட்ட துளை வழியாக உயிருடன் மீண்டார்கள். துளையிடும் கனரக எந்திரம் தொலைவிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்ற செய்திதான் ஜெர்ரி ஆண்டர்சனுக்கு இந்தத் தொடரின் கருவைக் கொடுத்தது. சரியான கருவி உரிய நேரத்துக்குள் வந்து சேருமா என்பதே கதை என்றால், அது கிளம்பும் காட்சியை இடைநிரப்பல் என்று எப்படிச் சொல்வது?

பொம்மைகளின் உயரம் ஏறக்குறைய 55 செ.மீ. பதிவு செய்த குரலுக்கேற்ப உதட்டை அசைக்கும் மின்கருவி தலைக்குள் இருந்ததால், உடலுக்குப் பொருந்தாமல் தலை பெருத்திருக்கும்; 1967இல் வந்த ‘கேப்டன் ஸ்கார்லெட்’டில் அந்தக் கருவி மார்புக்கு இறங்கியதால் தலை அளவாயிற்று. எனக்கென்னவோ பெருத்த தலைகளே பிடித்திருக்கின்றன. நடக்கவிட்டால் மட்டும் இவை தள்ளாடும் என்பதால், கூடியவரை உட்காரவைத்தும் வண்டியில் ஏற்றியும் சமாளித்திருக்கிறார்கள். சிறப்புக் காட்சிகளை அமைத்த டெரிக் மெடிங்ஸின் மாதிரி விமானங்களில் அந்தக் குறை இல்லை. விமானத்தை நிறுத்திவைத்துத் தரையையும் பின்னணியையும் உருளைகளில் ஓடவிட்டு, வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் படம்பிடித்து இயல்பு வேகத்தில் மெதுவாகக் காட்டியதால், கைக்குள் அடங்கும் பொருளுக்குக்கூட டன் கணக்கில் எடை வந்துவிடுகிறது.

எல்லாமே நன்றாக நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். மலேசியக் காட்டுக் கோயிலில் இருந்துகொண்டு கண்ணொளியால் மனிதர்களை ஆட்டிவைக்கும் ‘ஹூட்’ என்ற வில்லன், கீழை நாட்டவர் மீது அக்கால மேற்கத்தியர் கொண்டிருந்த சந்தேகத்தின் கேலிச்சித்திரம். ஒவ்வொரு முறையும் நெருடல் கூடுகிறது. மீட்புக் குழுவோடு இருக்கும், பொறியியல் படித்த டின்-டின் என்ற பெண்ணுக்கும் பெரும்பாலும் வேலை கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். குழுவின் லண்டன் உளவாளியான லேடி பெனலோப்பி மட்டும் இதற்கு விலக்கு. சில்வியா ஆண்டர்சனே குரல் கொடுத்த அந்தப் பாத்திரம், ஆறு சக்கர இளஞ்சிவப்பு ரோல்ஸ்-ராய்ஸில் அமர்ந்து, முன்னாள் திருடனான ஓட்டுநர் பார்க்கருக்கு ஒற்றைச் சொல்லில் கட்டளையிடும்போது, மீட்பு வீரர்கள் ஐவரும் சற்று மங்கித்தான் போகிறார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் அத்தியாயத்தோடு தொடங்கலாம். சக்கரங்கள் தரையைத் தொட்டால் குண்டு வெடிக்கும் என்ற நிலையில், ஒரு பயணிகள் விமானத்தை ஓடும் வண்டிகளின் மேல் இறக்குகிறார்கள். அடுத்து, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையே தண்டவாளத்தில் நகர்த்தப் போய் அது சரிந்து விழும் நியூயார்க் அத்தியாயம்.

ப்ளூ-ரே பற்றி ஒரு எச்சரிக்கை. 35 மி.மீ. வண்ணப் படச்சுருளில் எடுக்கப்பட்டதால் துலக்கம் அபாரம். துருவின் கறையும் புகையின் படிவும் அப்படியே தெரிகின்றன, பொம்மைகளைத் தாங்கும் கம்பிகளும் தெரிகின்றன. ஆனால் என்னிடமுள்ள பதிப்பில், பழைய 4:3 படத்தை அகலத் திரைக்குப் பொருத்துவதற்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். சில கம்பிகள் அதனால் மறைந்தது உண்மைதான்; கூடவே பல நெற்றிகளும் போய்விட்டன. ஆகவே வாங்குமுன் பட அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போதும் முழு அத்தியாயம் பார்க்கப் பழைய டிவிடியைத்தான் எடுக்கிறேன். ப்ளூ-ரே தட்டு வெளியே வருவது அந்தப் பனைகள் மடங்குவதைப் பார்க்க மட்டுமே.