பழைய வண்டி வாங்குவதற்கு முன் செந்தூலில் இந்தக் கடைக்குப் போங்கள்

பழைய வண்டியை வாங்கிப் பிரித்து, பாடி வேலை பார்த்து, பெயிண்ட் அடித்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இருக்கிறது. நல்ல போர்மனை (மெக்கானிக்கை) தேடுவார்கள், வெட்டியெடுத்த பழைய வண்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையைத் தேடுவார்கள், ரிம்முக்காகச் சுங்கை பூலோவுக்கும் கிள்ளானுக்கும் அலைவார்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பதிவுத் தாளான கிராண்டை மட்டும் கடைசியில்தான் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். அதற்குள் முன்பணம் போயிருக்கும். அதனால்தான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு சின்ன இன்சூரன்ஸ், ரோட்டெக்ஸ் (சாலை வரி) கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இருக்கிற வாடிக்கையாளர்களையே சமாளிக்க முடியவில்லை, பெயரைப் போடாதீர்கள் என்று கடைக்கார அம்மா கேட்டுக்கொண்டார். செந்தூல் ஆட்களிடம் விசாரித்தால் கடையைக் காட்டிவிடுவார்கள்.

அந்த அம்மா முன்பு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வாகனக் கடன் பிரிவில் வேலை செய்தவர். இன்சூரன்ஸ் புதுப்பிப்பது, ரோட்டெக்ஸ் எடுப்பது, பெயர் மாற்றுவது எல்லாம் எல்லாக் கடையிலும் நடப்பதுதான். இவர் கூடுதலாகச் செய்வது ஒன்று: வண்டியை வாங்குவதற்கு முன்பே அதன் தாள்களையும் உடம்பையும் ஒன்றோடொன்று சரிபார்த்துத் தருகிறார். தாளை மட்டும் பார்க்க 80 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூருக்குள் வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து பார்க்க 150 வெள்ளி. பெயர் மாற்றும் வேலைக்குத் தனிக் கூலி. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கட்டணம், புஸ்பாகோம் (வண்டிச் சோதனை நிலையம்) கட்டணம், தன் கூலி மூன்றையும் ரசீதில் தனித்தனி வரியாக எழுதித் தருகிறார். எது கட்டணமாகப் போகிறது, எது தனக்கு என்று எழுதித் தரும் ரன்னரை (இந்த அலுவலக வேலைகளைக் கூலிக்குச் செய்து தருபவரை) நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் தங்கை மகனுக்குக் கேஈ70 மேல் பைத்தியம். 1980 வாக்கில் ஓடிய டொயோட்டா கொரோலாதான். பின்சக்கர இழுவை, எடை குறைவு, அதனால் ட்ரிஃப்ட் ஓட்டும் பையன்களிடம் அதற்குத் தனி மவுசு. சுங்கை பூலோவில் ஒன்று இருக்கிறது மாமா, 14,000 வெள்ளி சொல்கிறான், ஆயிரம் வெள்ளி முன்பணம் கொடுத்தால் வேறு யாருக்கும் காட்ட மாட்டானாம் என்று வந்து நின்றான். பணத்தைக் கொடுக்காதே, முதலில் அந்த அம்மாவிடம் கிராண்டைக் காட்டு என்றேன். விற்பவன் கிராண்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தம்பி, விக்கிறவர் பேர் என்னா? இதுல இருக்கிற பேர் அது இல்லையே?"

விற்பவன் சொன்ன கதை எங்கும் கேட்கிற கதைதான். முதல் சொந்தக்காரர் இன்னொருவருக்கு விற்றார், அவர் இவனுக்கு விற்றார், யாரும் பெயரை மாற்றவில்லை. கையில் கிராண்ட் இருக்கிறது, அது போதாதா என்கிறான். போதாது. ஜேபிஜே பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பெருவிரல் ரேகை வைத்து வண்டியை மாற்றிக் கொடுக்க முடியும். நடுவில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் கவுண்டரில் அவர்களுக்கு இடமில்லை. அந்த முதல் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா, சம்மன் (போக்குவரத்து அபராதம்) கட்டாமல் கறுப்புப் பட்டியலில் விழுந்திருக்கிறாரா என்று எதுவும் தெரியாமல் 14,000 வெள்ளியைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? அம்மா ஒரு எளிய வழியும் சொன்னார். விற்பவரை அவருடைய கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். வண்டி அவர் பெயரில் இருந்தால் அதில் வந்துவிடும். இந்தச் செயலி 2023-லிருந்து இருக்கிறது, காசும் இல்லை. காட்டத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

தங்கை மகன் விடவில்லை. முதல் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துவிடலாம், பாடி அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றான். சரி, வண்டியையும் பார்த்துவிடலாம் என்று அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம்.

நான் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். இரும்பில் நம்பர் பஞ்ச் அடிப்பது எனக்குக் கைவந்த வேலை. அதனால் அந்த அம்மா பார்த்த விதத்தை நான் கொஞ்சம் கூர்மையாகவே கவனித்தேன். பானெட்டைத் திறந்ததும் எஞ்சின் பக்கமே போகவில்லை. எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டில் செசி நம்பர் (வண்டி உடம்பின் அடையாள எண்) இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். கேஈ70 என்ற எழுத்துகளும் அடுத்து எண்களும் தாளில் எழும்பி வந்தன. கிராண்டில் உள்ள நம்பரும் அதுவும் ஒன்றேதான். பையன் முகம் மலர்ந்தது.

அம்மா தாளை என்னிடம் நீட்டி, "அண்ணே, நீங்க பாருங்க" என்றார்.

எழுத்துகள் ஒரே வரியில் இருந்தன, எண்கள் ஒரே வரியில் இல்லை. நடுவில் ஒரு 3 லேசாகச் சாய்ந்திருந்தது. சில எண்கள் ஆழம், சில எண்கள் மேலோட்டம். தொழிற்சாலையில் மெஷின் அடித்தால் ஆழமும் இடைவெளியும் சீராக இருக்கும். கையால் பஞ்சை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் அடித்தால்தான் இப்படி வரும். அதிலும் ஃபயர்வால் மெல்லிய தகடு, பின்னால் தாங்கல் இல்லாமல் அடித்தால் எண்ணைச் சுற்றிக் குழி விழும். விரலை வைத்துத் தடவினேன், குழி இருந்தது. பிறகு அம்மா ஒரு காந்தத்தை எடுத்து நம்பரைச் சுற்றி நகர்த்தினார். ஒரு கை அகலத்துக்கு நாலு பக்கமும் காந்தம் ஒட்டவில்லை. பெயிண்டுக்கு அடியில் புட்டி. டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து, உள்பக்க அட்டையை விலக்கி டார்ச் அடித்தார். சதுரமாக வெல்டிங் கோடு. வேறு ஒரு வண்டியின் தகட்டை வெட்டிக்கொண்டு வந்து இங்கே பற்றவைத்து, அதற்குப் பிறகும் எண்களில் சிலவற்றைத் திருத்தியிருக்கிறார்கள்.

குளோன் வண்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நொறுங்கிப்போன வண்டியின் கிராண்டையும் நம்பரையும் எடுத்து வேறொரு வண்டிக்குப் போர்த்திவிடுவது. அடியில் இருக்கும் வண்டி யாருடையது என்று எவருக்கும் தெரியாது, திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். இதை வாங்கிக்கொண்டு பெயர் மாற்ற புஸ்பாகோம் பி5 சோதனைக்குப் போனால் அவர்கள் முதலில் பார்ப்பதே செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும்தான். அங்கே மாட்டினால் விஷயம் போலீஸ் வரை போகும். கொடுத்த காசும் போகும், வண்டியும் போகும், விளக்கம் சொல்ல வேண்டியவன் என் தங்கை மகன். விற்பவனிடம் அம்மா ஒரு வார்த்தை வாதாடவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். காரில் ஏறிய பிறகுதான் பையனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 150 வெள்ளி 14,000 வெள்ளியைக் காப்பாற்றியது.

எஞ்சின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அந்த வண்டியில் அதுவும் இருந்தது. கிராண்டில் 4கே எஞ்சின், 1290 சிசி. உள்ளே உட்கார்ந்திருந்தது 4ஏஜிஈ, 1587 சிசி. ஜேபிஜேயில் சொல்லவே இல்லை. ரோட்டெக்ஸ் மிச்சம் பிடிக்கத்தான் மறைக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1201-லிருந்து 1400 சிசி வரை ஆண்டுக்கு 70 வெள்ளி, 1401-லிருந்து 1600 வரை 90 வெள்ளி. இருபது வெள்ளிக்காக யாரும் இதைச் செய்வதில்லை. எஞ்சின் வாங்கிய ரசீதைக் காட்ட வேண்டும், ஜேபிஜே அனுமதி வேண்டும், மறுபடி சோதனைக்குப் போக வேண்டும் என்ற சோம்பல்தான் காரணம். ஹாஃப்கட் கடையில் ரசீதே வாங்கியிருக்க மாட்டார்கள். நாளைக்கு ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ் ஆள் பானெட்டைத் திறந்தால் அன்றைக்கு முழுப் பாரமும் ஓட்டுபவன் தலையில். எஞ்சின் மாற்றுவது தப்பே இல்லை. மாற்றியதைக் கிராண்டில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் அவன் வாங்கிய வண்டி கெப்போங்கில் கிடைத்தது. அதே கேஈ70, ஓடாத நிலை, எஞ்சின் பழைய 4கேதான். செசி நம்பர் சுத்தம், தாளில் தேய்த்தபோது எண்கள் வரிசை பிடித்து நின்றன. அதற்கும் இரண்டு சிக்கல். பதிவில் இருந்த பெரியவர் இறந்துபோயிருந்தார், விற்பது அவர் மகள். கிராண்டில் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் உரிமைக் கோரிக்கையும் நீக்கப்படாமலே கிடந்தது. கடன் எப்போதோ கட்டி முடித்தாயிற்று, பதிவிலிருந்து எடுக்க யாரும் போகவில்லை. அந்தக் காலத்துப் பைனான்ஸ் கம்பெனிகள் பல, 1997-98 நெருக்கடிக்குப் பிறகு வங்கிகளோடு சேர்க்கப்பட்டுவிட்டன. எந்தக் கம்பெனியின் கணக்கு இன்றைக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்பது இந்த அம்மாவுக்கு மனப்பாடம். விடுவிப்புக் கடிதம் வந்தது.

இறந்தவர் பெயரில் உள்ள வண்டிக்குப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். முடியாது. நிலம் வீடு எதுவும் இல்லாமல் அசையும் சொத்து மட்டும், அதுவும் 600,000 வெள்ளிக்குள் இருந்தால் அமானா ராயா (இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அரசு நிறுவனம்) மூலம் தீர்க்கலாம். நிலம் இருந்தால் வேறு வழி, வேறு அலுவலகம். அந்தப் பெரியவருக்கு வாடகை வீடுதான். மகளும் ஜொகூரில் இருக்கும் மகனும் ஒத்துக்கொண்டார்கள், கடிதம் வர மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் அம்மா பையனுக்குப் போட்ட கட்டளை: முன்பணம் 500 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது, அதற்கும் தாளில் கையெழுத்து வேண்டும், பெயர் மாறும் வரை வண்டியில் ஒரு நட்டைக் கூடக் கழற்றக் கூடாது. பெயர் மாறாத வண்டியில் போடும் காசு ஊரான் வண்டியில் போடும் காசு என்றார். இந்த ஒன்றை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வேன். பிரித்துப் போட்ட வண்டியைப் புஸ்பாகோமுக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்?

சம்போங் பாயார் (தவணை முடியாத வண்டியை வாங்கி, மீதித் தவணையை வாங்கியவர் கட்டுவது) கேஸ் என்றால் இந்தக் கடைக்குப் போகவே வேண்டாம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். தவணை முடியாத வண்டி வங்கியுடையது, 1967 வாடகைக் கொள்முதல் சட்டத்தை மீறி அதை இன்னொருவருக்குத் தள்ளிவிடுவது குற்றம் என்று முகத்துக்கு நேரே சொல்வார். முன்பு வேறொரு இடத்தில் ஒரு ரன்னர் என் நண்பரிடம் "காவ்திம் பண்ணிடலாம் பாஸ்" (குறுக்கு வழியில் முடித்துவிடலாம்) என்று கிராண்டையும் 600 வெள்ளியையும் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடித்ததைப் பார்த்தவன் நான். இந்த அம்மா வாயில் அந்த வார்த்தையே வராது. அசல் கிராண்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் மாட்டார், பிரதி எடுத்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

குறை இல்லாமல் இல்லை. காலையில் ஜேபிஜேக்கும் புஸ்பாகோமுக்கும் போய்விடுவதால் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கடை திறந்திருக்கும். வாட்ஸ்அப்பில் கேட்டால் மறுநாள் பதில் வரும், சில நேரம் வராது. வண்டியைப் பார்த்துவிட்டு வாயால்தான் சொல்கிறார், எழுத்தில் அறிக்கை தருவதில்லை. 150 வெள்ளி வாங்கும்போது ஒரு பக்கமாவது எழுதித் தரலாம், இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். கோலாலம்பூரை விட்டு வெளியே வர யோசிப்பார். சுங்கை பூலோவுக்கு வந்ததே நான் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விட்டதால்தான். பேச்சும் வெடுக்கென்று இருக்கும். இதையெல்லாம் கழித்துவிட்டு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

போகும்போது கிராண்டின் தெளிவான போட்டோ, செசி நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டின் போட்டோ, விற்பவரின் முழுப்பெயர், வண்டி கடைசியாக எந்த ஆண்டு ரோட்டெக்ஸ் எடுத்தது என்ற விவரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் உயிரோடு இருப்பவர்தானா, அவரே நேரில் ரேகை வைக்க வருவாரா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள், அம்மாவின் முதல் கேள்வி அதுதான். முன்பணம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், செந்தூல் எல்ஆர்டியில் இறங்கி நடந்துவிடலாம்.