எதிர்முனையில் வைத்தது தெரியாத பெட்டி: ஆபீஸ் போனோடு ஆறு வருடம்

கோவை கணபதியில் எங்கள் ஆபீஸ். பம்ப் மோட்டார் சர்வீஸ், பதினாலு பேர், நாலு லேண்ட்லைன். 2019-ல் பழைய இன்டர்காம் பெட்டி இடியில் போனதும், "புதுசு எதுக்கு, நானே ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்று முதலாளியிடம் வாயை விட்டேன். சும்மா கிடந்த கம்ப்யூட்டரில், அதையே இன்டர்காம் பெட்டியாக்கும் இலவச ஆஸ்டெரிஸ்க் மென்பொருள், மேசைக்கு ஒரு ஐபி போன் (நெட்வொர்க் கேபிளில் ஓடும் போன்). ஆபீஸுக்குள் பேசிக்கொள்வது ஒரே மதியத்தில் சரியாகிவிட்டது. வெளியே பேச வைக்கத்தான் மாதக்கணக்கில் ஆனது.

லேண்ட்லைனை அந்தக் கம்ப்யூட்டரில் இணைக்க, வெளி லைனைச் செருகும் எஃப்எக்ஸ்ஓ போர்ட் நாலு உள்ள கார்டு வாங்கினேன். (எஃப்எக்ஸ்எஸ் என்றும் ஒன்று உண்டு. அது சாதாரண போனைச் செருக. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.) முதல் வாரம் அமோகம். அடுத்த திங்கட்கிழமை வந்து பார்த்தால் நாலு லைனும் பிஸி. வாய்ஸ்மெயிலில் நாற்பது நிமிடப் பதிவு ஒன்று. போட்டுக் கேட்டால் முழுக்க எங்கேஜ் டோன்.

கூப்பிட்டவர் ஞாயிற்றுக்கிழமையே வைத்துவிட்டார், அது எங்கள் பெட்டிக்குத் தெரியவில்லை. மனிதன் டோனைக் கேட்டதும் ரிசீவரை வைத்துவிடுவான். கார்டுக்கு யாராவது சொல்ல வேண்டும். மறுமுனை வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் லைனின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸை) மாற்றிக் காட்டினால் போதும். அந்த வசதி கேட்டு எழுதிக் கொடுத்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் டோனைக் கேட்டுப் புரிந்துகொள்ளக் கார்டுக்குக் கற்றுக்கொடுத்தேன். நம் ஊர் எங்கேஜ் டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி அமைதி. செட்டிங்கில் மில்லி விநாடிக் கணக்கில் 750, 750 என்று எழுதி, மூன்று முறை கேட்டால் துண்டி என்றேன். அப்புறம் பார்த்தால், பின்னால் மெஷின் சீராக ஓடும் பட்டறையிலிருந்து பேசுபவர்களின் கால் நடுவில் கட்டானது. ஆறு முறை என்று மாற்றினேன். ஓரளவு அடங்கியது.

காலர் ஐடியும் இதே கதைதான். கார்டு அமெரிக்க வழக்கப்படி முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நம்பரை எதிர்பார்த்தது. எங்கள் லைனில் ரிங்குக்கு முன்பே பட்டன் டோனாக வந்து போய்விடும். தேடினால் செட்டிங் ஃபைலில் 'போலாரிட்டி, அடிக்கோடு, ஐஎன்' என்று ஒரு விருப்பம். அந்த 'ஐஎன்' இந்தியா! இதற்கு முன்னால் யாரோ ஒருவர் நம்மைப் போலவே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் போட 0 கட்டாயமானது. பத்து இலக்க மொபைல் எண்ணுக்கு முன்னால் பெட்டியே 0 சேர்க்கும்படி ஒரு வரி எழுதினேன். ஆனால் கேஷியர் அக்காவுக்கு வெளி லைனுக்கு 0 போட்டுப் பழகிய கை. இப்போது மொபைலுக்கும் ஒரு 0 என்று கேள்விப்பட்டு இரண்டு பூஜ்யம் போட்டார். அந்த நம்பர் 98-ல் தொடங்கியது. 00 வெளிநாட்டு அழைப்புக்கு, 98 என்றால் ஈரான்! நல்லவேளை, ஐஎஸ்டி பூட்டியிருந்தது.

2022-ல் ஃபைபர் வழியாக சிப் (SIP) டிரங்குக்கு மாறினோம். லேண்ட்லைன்களுக்குப் பதிலாக, கால்களை நெட்வொர்க் வழியாகவே கொண்டுவரும் இணைப்பு அது. பத்து சேனல், அதாவது ஒரே நேரத்தில் பத்து கால். இணைய இணைப்பு வேறு, இது வேறு. தனி கேபிள், தனி ஐபி. அதற்கென்று இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட வேண்டியிருந்தது. முதல் நாள் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்டது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. அழைப்புக்கான சிக்னல் ஒரு போர்ட்டில் போகும், குரல் வேறு போர்ட்டுகளில் போகும் (இந்தப் போர்ட் கார்டில் செருகும் துளை அல்ல, நெட்வொர்க்கில் எண் போட்ட வாசல்). குரலை எங்கே அனுப்புவது என்பதற்கு எங்கள் பெட்டி ஆபீஸ் உள் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையது, ஒரு வரியில் சரியானது. ஒரு காலுக்கு ஏறக்குறைய 87 கேபிபிஎஸ், பத்துப் பேர் பேசினாலும் 1 எம்பிபிஎஸ் தாண்டாது.

சிப்பில் எதிர்முனை வைத்தால் ஒரு செய்தி வரும். அதன் பெயரே 'பை' (BYE). நாலு போர்ட் கார்டோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவனுக்கு அந்த ஒரு வார்த்தையை லாகில் பார்த்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே!

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்காக சிப் சிக்னல் வரும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டது நான் செய்த பெரிய முட்டாள்தனம். விடிவதற்குள் எங்கெங்கிருந்தோ 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன் பெயரில் பாஸ்வேர்டு முயற்சிகள். இப்போது விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும். வெளிநாட்டு இணைய அழைப்புகளை இதே பெட்டி வழியாக உள்ளூர் லைனில் இறக்கித் தர முடியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். அது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச், போலீஸ் வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று யாராவது கேட்டால், நாலு லைனுக்குள் என்றால், கார்டின் வேலையைக் கம்ப்யூட்டருக்கு வெளியே இருந்து செய்யும் கேட்வே பெட்டி வாங்கச் சொல்வேன். கார்டு வேண்டாம்; ஐப்பசி இடியில் எங்களுக்கு இரண்டு போர்ட் கருகின, கம்ப்யூட்டர் தப்பியது அதிர்ஷ்டம். அதற்கு மேல் என்றால் சிப் டிரங்க்தான்.

செம்புக் கம்பி லைன் ஒன்றை மட்டும் விடவில்லை. அதற்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. போன வாரம் யூபிஎஸ் பேட்டரி கைவிட்ட அரை மணி நேரம், வாட்ச்மேன் மேசையில் இருக்கும் அந்தப் பழைய பச்சை போனில்தான் ஆர்டர் எடுத்தோம்.