டர்ட்டி செக்ஸி மனி: முதல் பத்து எபிசோடுக்காகப் பார்க்கலாம்

அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2007 செப்டம்பர் 26-ல் தொடங்கி 2009 ஆகஸ்ட் 8-ல் முடிந்த சீரியல் இது. தேதிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரண்டு சீசனும் சேர்த்து மொத்தமே 23 எபிசோட். விளம்பரம் போக ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும். பதினாறு, பதினேழு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

நியூயார்க்கின் பெரும் பணக்கார டார்லிங் குடும்பத்துக்கு ஆயுசு முழுக்க உழைத்த வக்கீல் டச் ஜார்ஜ் விமான விபத்தில் இறந்துபோகிறார். அந்த நாற்காலியில் அவர் மகன் நிக்கை உட்கார வைக்கிறார் பெரியவர் ட்ரிப் டார்லிங். தர்ம காரியங்களுக்குப் பெருந்தொகை தருவதாகச் சொன்னதும், 'அப்பா மாதிரி ஆகவே மாட்டேன்' என்றிருந்த நிக் தலையாட்டிவிடுகிறான். பேர்தான் வக்கீல், பார்ப்பதெல்லாம் எடுபிடி வேலை. பிள்ளைகள் ஐந்து பேரும் ஆளுக்கொரு வம்பை இழுத்துவந்து அவன் மேசையில் போடுகிறார்கள். முதல் எபிசோடிலேயே எல்லோரும் மளமளவென்று வந்துபோவதால் யார் யாரென்று குழம்பும். அரசியலில் மேலே ஏறத் துடிக்கும் பேட்ரிக்குக்கு ஒரு ரகசியக் காதல். கேரனுக்குக் கல்யாணம் மேல் கல்யாணம், மனசில் மட்டும் நிக். பிரையன் பாதிரியார். ஜெரமியும் ஜூலியட்டும் இரட்டையர், செல்லம் கொடுத்துக் கெட்டவர்கள். இவ்வளவு நினைவிருந்தால் போதும்.

சீரியலின் பலம் இந்தக் கேலி கலந்த ஓட்டம்தான். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த தன் மகனை, சுவீடனிலிருந்து வந்த அநாதை என்று சொல்லி பிரையன் வீட்டுக்குள் கொண்டுவரும் பகுதியைப் பாருங்கள். அவ்வளவு பெரிய பாவத்தை அவ்வளவு அற்பமான பொய்யால் மூடப் பார்க்கிறார், அதுவும் அங்கி போட்ட பாதிரியார்! டொனால்ட் சதர்லேண்ட் ட்ரிப்பாக வரும் காட்சிகள் இன்னும் ஒரு படி மேல். குரலை உயர்த்தாமலே மிரட்டுவார். அன்பா அதிகாரமா என்று நிக்கைப் போலவே நாமும் முழிப்போம். இந்த வேடத்துக்காக கோல்டன் குளோப் பரிந்துரையும் கிடைத்தது. ட்ரிப்பின் மனைவி லெட்டீஷியாவாக ஜில் கிளேபர்க். இறந்த வக்கீலோடு நாற்பது வருஷ உறவை மறைத்துவைத்தவள். பேட்ரிக்கின் காதலி கார்மெலிடாவாக நடித்த கேண்டிஸ் கெய்ன் நிஜத்திலும் திருநங்கை. அமெரிக்க பிரைம் டைம் சீரியலில் தொடர்ந்து வரும் திருநங்கை பாத்திரத்தில் ஒரு திருநங்கையே நடித்தது அதுவே முதல் முறை. அந்தக் காதலைச் சிரிப்புக்கு விற்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு எங்கே சறுக்கியது? 2007 நவம்பரில் அமெரிக்க சினிமா, டிவி எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. முதல் சீசன் பத்து எபிசோடோடு டிசம்பரில் நின்றது. 2008 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் முடிந்தும் சேனல் உடனே தொடரவில்லை. அடுத்த எபிசோட் வந்தது அக்டோபர் 1-ல். முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்ட கதையை ஏறக்குறைய பத்து மாதம் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அந்த நவம்பரிலேயே ரத்து. மிஞ்சிய நான்கு எபிசோடுகளை 2009 கோடையில், யாரும் டிவி முன் உட்காராத சனிக்கிழமை இரவுகளில் தள்ளிவிட்டார்கள்.

பழி முழுக்க வேலைநிறுத்தத்தின் மேல் போட முடியாது. இரண்டாம் சீசனில் எழுத்தே மாறிவிட்டது. டச்சின் சாவு விபத்தல்ல, கொலை என்று லெட்டீஷியா மீது வழக்கு, கோர்ட், சாட்சி என்று இழுக்கிறார்கள். லூசி லியூ புதிதாக வந்தும் வேகம் கூடவில்லை. நிக்கின் அன்றாட எடுபிடி வேலை குறையக் குறையச் சிரிப்பும் குறைகிறது. அது போனபின் மிஞ்சுவது சாதாரண பணக்கார வீட்டு அழுகாச்சி.

முதல் பத்தை வரிசை மாற்றாமல், நாளுக்கு இரண்டாகப் பாருங்கள். 'டச்சைக் கொன்றது யார்' என்ற கேள்வி பிடித்துக்கொண்டால் மட்டும் இரண்டாம் சீசனுக்குப் போகலாம். கடைசி எபிசோடிலும் எல்லா முடிச்சும் அவிழாது.